ஆரும் பாடாத சுரம்

கற்பிட்டிப் பக்கத்து மாதா கோயிலொண்டில பாடகர் குழுவுக்கு நான்தான் ரீச்சர். பொம்பிளையள் அஞ்சு பேர். எல்லாருக்கும் நல்ல தொண்டை, ஆனா காதைக் கழட்டி வீட்டில வைச்சிட்டு வருவினம். அதால போன வருசம் பாட்டை நிப்பாட்டிப்போட்டு, சுரத்திலயிருந்து தொடங்கினன்.

அதில ஒருத்தியின்ர புருசன் கடலுக்குப் போய்த் திரும்பேல்ல. வள்ளமும் இல்லை, உடம்பும் இல்லை. மாமியார் அவற்ற ஆத்துமாவுக்குப் பூசை ஒப்புக்குடுப்பம் எண்டு கெஞ்சுறா, இவள் விடமாட்டாள். "உயிரோட இருக்கிற மனிசனுக்கு ஆத்தும இளைப்பாற்றிப் பூசையோ?" எண்டு எரிஞ்சு விழுவாள். விடியக்காலத்தில கரையிலயிருந்து அவர் "இஞ்சாரப்பா" எண்டு கூப்பிடுறது கேக்குதாம். ஆள் இல்லாமல் சத்தம் எங்கயிருந்து வரும் எண்டு எங்களையே கேப்பாள்.

அண்டைக்கு ச, க, ப மூண்டையும் சேர்த்துப் பாடப் பழக்கினன். முதல்ல கீபோட்டில அமத்திக் காட்டினன். "எந்தச் சுருதிக்கும் ஒத்துப்போகட்டும் எண்டு இதில சுரங்களைக் கொஞ்சம் கொஞ்சம் இழுத்துச் சமாளிச்சு வைச்சிருக்கிறாங்கள். க ஒரு மயிரிழை கூட. அதுதான் ச-வோட சேரேக்க விம்முது." பிறகு கீபோட்டை நிப்பாட்டிப்போட்டு, "இப்ப நீங்கள் பாடுங்கோ. க பாடுறவை மெல்ல இறக்குங்கோ. விம்மல் நிண்டால் அதுதான் சுத்தமான க" எண்டன்.

இறக்கினவை. விம்மல் நிண்டுது. உடன அடியிலயிருந்து ஒரு ஆம்பிளைக் குரல் எழும்பிச்சுது. சுவருக்குப் பின்னாலயோ எங்கட நெஞ்சுக்குள்ளயோ எண்டு பிடிபடாத குரல்.

ஒரு அக்கா "மாதாவே!" எண்டு சிலுவை போட்டா. எனக்கு விசயம் தெரியும், எண்டாலும் மேலெல்லாம் கூசிச்சுது. புருசனைக் கடலில துலைச்சவள் வாசலுக்கு ஓடிப்போய் வெளியில பாத்திட்டு வந்தாள்.

"ஆர் ரீச்சர் பாடினது?"

படிச்ச திமிர் சும்மா விடுமோ? விளக்கினன். ரெண்டு சுரம் சுத்தமாச் சேந்தால், அதுகளுக்கு இடையில உள்ள வித்தியாசமே இன்னொரு சுரமாக் கேக்கும், கீழ் ச, அதை ஆரும் பாடத் தேவையில்லை எண்டன். "பயப்பிடாதேங்கோ, எல்லாம் காது செய்யிற வேலை" எண்டு சிரிச்சும் போட்டன்.

அவள் சிரிக்கேல்ல. "திருப்பிப் பாடுங்கோ." பாடினம். திரும்பவும் வந்துது. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு நிண்டாள்.

"அப்ப ஆள் இல்லாமலும் கேக்கும், என்ன?"

அப்பதான் எனக்கு உறைச்சுது. நாக்கை அறுத்துக் கடலில போட்டால் என்ன எண்டிருந்தது. "இல்லைப் பிள்ளை, அது வேற, இது வேற..." எண்டு தடுமாறினன். அவள் செருப்பைக் கொழுவிக்கொண்டு போயிட்டாள்.

அடுத்த ஞாயிறு பங்குச் சுவாமியின்ர அறை வாசலில மாமியாரோட நிண்டாள். பூசையை எண்டைக்கு வைப்பம் எண்டு சுவாமி கேட்டார். அவள் என்னைத் திரும்பிப் பாத்தாள்.

"ரீச்சருக்கு எண்டைக்கு வசதியோ அண்டைக்கு, சுவாமி. அவதான் பாட வேணும்."