இடுப்பு எலாஸ்டிக்கில் ஒரு சீட் பெல்ட்

மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடம், பள்ளிப் பேருந்தில் அவள் உதடு கிழிந்தது. மங்கலம் சாலையில் நாய் ஒன்று குறுக்கே ஓட, டிரைவர் பிரேக் போட, முன் சீட்டின் முதுகிலிருந்த இரும்புக் கம்பியில் முகம் மோதிவிட்டது. வீங்கிய உதட்டோடு அவள் வந்து நின்றபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுத்த முறை பல் போனால்? கண்ணில் பட்டால்?

காரில் இருப்பதுபோல் பேருந்திலும் பெல்ட் வேண்டும் என்று பள்ளியில் போய்க் கேட்டேன். “எந்த பஸ்லயும் அப்படி இல்லீங்களே” என்று மரியாதையாக அனுப்பிவைத்தார்கள்.

இல்லை என்றால் விட்டுவிடும் ஆள் நானில்லை. நானும் மனைவியும் வீட்டோடு நாலு மெஷின் போட்டு ஜட்டி தைத்துக்கொண்டிருந்தோம். கைக்கு முதலில் அகப்பட்டது இடுப்புக்கு வைக்கும் அகல எலாஸ்டிக்தான். அதையே இரட்டையாக மடித்து, கொக்கி வைத்து, ஞாயிறு முழுக்க உட்கார்ந்து பெல்ட் தைத்தேன்.

திங்கள் காலை வீட்டு முன் பேருந்து வந்து நின்றதும் ஏறி, அவளைச் சீட்டோடு சேர்த்துக் கட்டினேன். “முன்னால சாஞ்சு பாரு கண்ணு.”

சாய்ந்தாள். மூக்கு நேராகப் போய்க் கம்பியைத் தொட்டது. பிறகு எலாஸ்டிக் இழுக்க, பொத்தென்று சீட்டில் விழுந்தாள்.

“இன்னொருக்கா” என்றாள். மற்ற பிள்ளைகளும் தங்களைக் கட்டச் சொல்லி என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

வாசலில் நின்ற மனைவி, “ஏனுங்க, இழுபடறதுக்குன்னே செஞ்ச சாமானுங்க அது” என்றாள். சுர்ரென்று கோபம் வந்தது. வண்டி போனபின் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்து இழுபடாத கெட்டி நாடாவில் தைத்தேன். வீட்டு நாற்காலியில் கட்டிப் பார்த்தால், அந்தக் கொக்கியை மகளால் கழற்ற முடியவில்லை. ஓர் ஆபத்தென்றால் அவள் எப்படி இறங்குவாள்? நானே பயந்து அதைத் தூக்கிப் போட்டேன்.

“பெல்ட்டைய உடுங்க. கடிச்சது கம்பிதானுங்களே” என்றாள் மனைவி.

பனியன் கம்பெனிகளில் வெட்டிக் கழிக்கும் வேஸ்ட் துணிக்கா எங்கள் ஊரில் பஞ்சம்? பள்ளியில் அனுமதி வாங்கி, கம்பிகளின் மேல் வேஸ்ட்டைக் கனமாகச் சுற்றினோம். மேலே, பனியன் கழுத்துக்கு வைக்கும் வரி போட்ட ரிப் துணியில் உறை. ஆர்டரில் மிஞ்சிய ரோஸ், கிளிப்பச்சை என்று கிடைத்த நிறமெல்லாம் வைத்துத் தைத்தோம்.

மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், இறங்கும் இடத்தில் டிரைவர் என்னைக் கூப்பிட்டார். “லாரிக்காரன் குறுக்க வந்துட்டானுங்க. பிரேக்கு பலமாப் போட்டுட்டேன்.”

மகளின் தாடையைத் தூக்கிப் பார்த்தேன். உதடு, பல் எல்லாம் அப்படியே இருந்தன. கன்னத்தில் மட்டும் ரிப் துணியின் கோடுகள் வரிவரியாகப் பதிந்திருந்தன.

அவள் முகத்தைச் சுளித்தாள். “அப்பா, அந்தப் பச்சை உறை ஒரே நாத்தம். தொவைச்சுப் போடுங்க.”

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லா உறைகளையும் கழற்றி வந்து நானே துவைத்தேன்.