தலைகீழாய்த் தொங்கியவன்

அஸ்தினாபுரத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், என் கட்டிலின் கால்மாட்டுக்கு மட்டும் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தோம். நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. கர்ப்பப்பை வாய் பலவீனமாக இருக்கிறது என்று தையல் போட்ட டாக்டரம்மா, "இனிமே படுக்கைதான். கால் மேல இருக்கணும், தலை கீழ இருக்கணும்" என்று சொல்லிவிட்டார். அதற்கு முன் ஒரு குழந்தையை வயிற்றிலேயே இழந்திருந்ததால் நான் மறுபேச்சு பேசவில்லை. பள்ளியில் கணக்கு வகுப்புகளை வேறொருவர் எடுத்துக்கொண்டார். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடந்தேன்.

கணவர் காலையிலேயே குரோம்பேட்டையில் ரயிலேறி வேலைக்குப் போய்விடுவார். மேற்குத் தாம்பரத்திலிருந்து வந்து என்னோடு தங்கியிருந்த அம்மாதான் துணை. மதியச் சாப்பாடு முடிந்ததும் மாடி வீட்டு ஆன்ட்டி இறங்கி வருவார். வங்கி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். கணவர் இறந்தபிறகு தனியாக இருந்தார். ஊரடங்கில் பொழுது போகாமல், படத்தைப் பார்த்துப் பலன் சொல்லும் டாரட் சீட்டு படிக்க ஆன்லைனில் கற்றுக்கொண்டிருந்தார்.

"சும்மாதானே கிடக்கே, ஒண்ணு எடு" என்று ஒருநாள் சீட்டுகளை விசிறி மாதிரி விரித்து நீட்டினார். எடுத்தேன். ஒருவன் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தான்.

காபியோடு வந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் பதறினாள். "என்னங்க இது, புள்ளத்தாச்சி கையில தூக்குல தொங்கறவன் படத்தைக் குடுக்கறீங்க!"

"கழுத்துல இல்லைங்க, கால்லதான் கட்டியிருக்கு. நல்லாப் பாருங்க." ஆன்ட்டி சீட்டை என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். "இவன் மூஞ்சில வலி தெரியுதா? தலையைச் சுத்தி வெளிச்சம் வேற. தொங்கற கட்டையைப் பாரு, இலை விட்டிருக்கு. பட்ட மரம் இல்லை அது."

"அப்ப இதுக்கு என்ன அர்த்தம் ஆன்ட்டி?"

"காத்திருக்கறதுன்னு அர்த்தம். கையைக் கட்டிப் போட்டாச்சு, இப்ப ஒண்ணும் செய்ய முடியாது. செய்யாம இருக்கறதுதான் இவனோட வேலை. ஊரடங்கு பூரா எனக்கும் இவன்தான் வந்துக்கிட்டே இருந்தான். முதல்ல எரிச்சலாத்தான் இருந்துச்சு."

உயர்ந்து கிடந்த என் கால்களை அம்மா பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள், வாய்விட்டுச் சிரித்தாள். அந்த வீட்டில் அப்படியொரு சிரிப்புக் கேட்டு வெகுநாளாகியிருந்தது. வயிறு குலுங்கக் கூடாதே என்று நான் தலையணையைக் கடித்துக்கொண்டேன்.

அதன்பின் தினமும் ஒரு சீட்டு எடுத்தோம். மற்றவை எதுவும் மனதில் நிற்கவில்லை. ஆனால் அந்த மதியங்கள் நிற்கின்றன. மீனம்பாக்கத்தில் இறங்கப்போகும் விமானத்தின் இரைச்சலில் பேச்சு அறுந்துபோகும். அது கடந்ததும் விட்ட இடத்திலிருந்து ஆன்ட்டி தொடர்வார்.

ஏழாம் மாதத்தில் ஒருநாள் என்னால் அடக்க முடியவில்லை. "குழந்தை நல்லபடியா பொறக்குமான்னு பாத்துச் சொல்லுங்க ஆன்ட்டி" என்றேன்.

அவர் சீட்டுகளையெல்லாம் ஒன்றாக அடுக்கி மடியில் வைத்துக்கொண்டார். "அதைக் கேக்காதேம்மா. எனக்கும் தெரியாது, இந்தச் சீட்டுக்கும் தெரியாது. இன்னைக்குப் பொழுதை எப்படிப் போக்கறதுன்னு வேணா கேளு."

ஒரு பொய் சொன்னால்தான் என்ன என்று கோபம் வந்தது. மறுநாள் அவர் வந்தபோது தூங்குவதுபோல் கிடந்தேன். அவர் எழுப்பவில்லை. அம்மாவோடு உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிவிட்டுப் போனார். அதற்கடுத்த நாளும் வந்தார். அன்று நான் கண்ணைத் திறந்தேன்.

எட்டாம் மாதம், அம்மா துணி காயப்போடும் நேரத்தில் எனக்கு வலி எடுத்தது. கணவர் கிண்டியிலிருந்து வந்து சேர நேரமாகும். ஆன்ட்டி தெருமுனைக்கு ஓடி ஆட்டோ பிடித்து வந்தார். பின் இருக்கையில் என் தலை அவர் மடியில், கால்கள் அம்மா மடியில்.

"இன்னாமா, இதுக்குப் போய் அழுதுகினு? பள்ளம் பாத்து மெதுவா ஓட்றேன், புடிச்சிக்கோங்க" என்றார் ஆட்டோக்காரர். அம்மா திருநீர்மலைப் பெருமாளைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள்.

ஆன்ட்டி என் நெற்றியை அழுத்திக்கொண்டு குனிந்தார். "அவன் மூஞ்சி ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அப்படி வெச்சுக்கோ உன் மூஞ்சியை. மத்ததை டாக்டருங்க பாத்துப்பாங்க."

ஆஸ்பத்திரியில் இறக்கிவிடும்வரை வேறெதையும் நான் நினைக்கவில்லை.

பெண் குழந்தை. உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி இருந்தாள். சில வாரங்கள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து பிறகு கையில் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று ஆன்ட்டி மாடியிலிருந்து இறங்கி வந்து, குழந்தையைத் தொடாமல், பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

அடுத்த ஆண்டு ஆன்ட்டி தன் மகளோடு இருக்கப் பெங்களூர் போய்விட்டார். நாங்களும் செம்பாக்கத்துக்கு மாறிவிட்டோம். அந்தத் தெரு வழியாகப் போக நேர்ந்தால் வண்டியைக் கொஞ்சம் மெதுவாக்கி மாடியை நிமிர்ந்து பார்ப்பேன். யார் யாருடைய துணிகளோ காய்கின்றன. என் மகள் இப்போது யு.கே.ஜி. படிக்கிறாள்.

போன வாரம் ஆன்ட்டி போன் செய்தார். சீட்டெல்லாம் இப்போது எடுப்பதில்லையாம். அடுக்ககத்துக் குளத்தில் நீச்சல் கற்றுக்கொள்கிறாராம்.

"இந்த வயசுலயா?" என்றேன்.

"மிதக்க வந்துடுச்சு. முன்னாடி போகத்தான் இன்னும் வரலை" என்று சொல்லிச் சிரித்தார்.