வெளிச்சுவரில் இருந்த கிளாஸ்

அந்தக் கிளாஸை அம்மா உடைக்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று அதைச் சொல்ல அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை. எனக்கும்தான்.

ரிவர்ஸ்டன் மலைப் பக்கம், அம்மா கொழுந்து பறித்த தேயிலைத் தோட்டத்தின் லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா தோட்டத்து ஆபீஸின் பெரிய கிளாக்கர் வீட்டைக் கூட்டித் துடைக்கப் போவார். எட்டு வயதில் நானும் கூடப் போவேன். வேலை முடிந்தால் பின்வாசலில் தேத்தண்ணி கிடைக்கும். அவர்கள் குடிக்கும் கிளாஸ்கள் அடுப்படி அலுமாரியில் இருந்தன. அம்மாவுக்கென்று வைத்த தடித்த கிளாஸ் மட்டும் வெளிச்சுவரின் மேல், இரவு பகலாகப் பனியில் கிடக்கும்.

அது மார்கழி. கிளாஸ் ஐஸ் மாதிரி இருந்தது. அம்மா அதை நீட்ட, கிளாக்கரின் மனைவி கை படாமல் உயரத்திலிருந்து கொதிக்கக் கொதிக்க ஊற்றினாள். டக்கென்று ஒரு சத்தம். அடிப்பாகம் அப்படியே கழன்று விழுந்தது. தேத்தண்ணி முழுக்க அம்மாவின் வலது கையில்.

"ஒரு கிளாஸப் புடிக்கத் தெரியாதா ஒனக்கு?" என்றாள் அவள்.

"கொழுந்து கிள்ளுற கைதானே, கிளாஸையும் கிள்ளிருச்சு" என்று உள்ளே இருந்து கிளாக்கர் சொன்னான். அவனுக்கு மரியாதை கொடுத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. வீடே சிரித்தது.

"தெரியாம ஆயிருச்சுங்கம்மா" என்று சொல்லி, வெந்த கையாலேயே அம்மா சில்லுகளைப் பொறுக்கினார்.

"இனிமே ஒன் கோப்பைய வீட்டுல இருந்து கொண்டாந்துரு" என்றாள் அவள்.

திரும்பி வரும்போது நான் அம்மாவிடம் கேட்டேன்: "ஒழுங்காப் புடிச்சிருக்கலாமில்ல?" அம்மா மறுநாள் கொப்புளத்தோடு மலையேறிக் கொழுந்து பறித்தார்.

பிறகு தரம் எட்டில் படித்தபோது விஞ்ஞான டீச்சர் சொல்லித் தந்தார். குளிர்ந்த தடித்த கண்ணாடியில் கொதிநீர் பட்டால் உள்பக்கம் சட்டென்று விரியும், வெளிப்பக்கம் விரியாது, அதனால் வெடிக்கும். அதே கேத்தல், அதே தேத்தண்ணிதான். அலுமாரிக்குள் இருந்த ஒரு கிளாஸாவது வெடித்ததா?

ஆனால் அதெல்லாம் பிறகு. அடுத்த ஞாயிறு அம்மா எங்கள் அலுமினியக் கோப்பையைப் பைக்குள் வைத்தார். நான் அதை எடுத்து, லயத்தில் எல்லோரும் பார்க்கட்டும் என்று கையில் ஆட்டிக்கொண்டே நடந்தேன். பெரிய கிளாக்கர் வீட்டில் எங்களுக்கென்று தனிக் கோப்பை. எனக்கு அவ்வளவு பெருமை.

"பையில போடுடி" என்று அம்மா இரண்டு தரம் சொன்னார். ஏன் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.