மகளின் முதுகில் இருந்த முடிக்கொத்து

அன்று ஹட்டனில் டாக்டர் அறையில் நானும் என் வீட்டுக்காரரும் மாமியாரும் நான்கு வயது மகள் தர்ஷினியும் இருந்தோம். பிள்ளை கொஞ்ச நாளாக இடது காலை இழுத்து நடந்தாள். நின்ற இடத்திலேயே சிறுநீரும் போனாள்.

டாக்டர் முதுகைக் காட்டச் சொன்னதும் மாமியார் பிள்ளையின் சட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டார். பிள்ளைக்கு இடுப்புக்கு மேலே பிறவியிலிருந்தே வால் போல ஒரு முடிக்கொத்து. ஆஞ்சநேயர் கொடுத்தது, கண்பட்டுவிடும் என்று வேலைக்குப் போகும்போது பிள்ளையை விடும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில்கூட யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தோம்.

"காலுக்குத்தானே வந்தோம், முதுகு எதுக்குங்க?" என்றார் மாமியார்.

"முதுகு சொன்னாத்தாம்மா காலு நடக்கும்" என்றார் டாக்டர்.

பயத்தோடு நானே சட்டையைத் தூக்கினேன். டாக்டர் பார்த்துவிட்டு, உடனே கண்டி ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்க எழுதிக் கொடுத்தார். அங்கே பிள்ளையை மயக்கி மெஷினுக்குள் அனுப்பினார்கள். முதுகெலும்புக்குள் போகும் நரம்புத்தண்டு அந்த முடி இருந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு, பிள்ளை வளர வளர இழுபடுகிறதாம். ஆபரேஷன் செய்தார்கள். கால் முழுக்கச் சரிவருமா என்று இன்னும் சொல்லவில்லை.

இப்போது எங்கள் தோட்டத்து லய வீடுகளில் யார் பிள்ளை பெற்று வந்தாலும், குப்புறப் போட்டு முதுகைப் பார்க்கிறேன். அங்கே முடியோ குழியோ இருந்தால் உள்ளே நரம்பில் கோளாறு இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். போன கிழமை ஒரு குழந்தைக்கு இடுப்புக்கு மேலே சின்னக் குழி தெரிந்தது. தாயை வற்புறுத்தி பஸ்ஸில் கூட்டிப் போனேன். டாக்டர் ஒன்றுமில்லை என்றார். அவள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். பேசாவிட்டால் போகட்டும், அடுத்த பிள்ளையையும் பார்ப்பேன்.