மந்திரவாதிக்கு எதற்கு அரிசிக் கணக்கு?

கதை நடத்துகிற வேலையில் டிராகனைச் சமாளிப்பது சுலபம். டிராகனைத் தேடிப் போகிறவர்களின் சாப்பாட்டைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு.

என்ன வேலை அது என்று கேட்பீர்கள். பரந்தனில் எனக்கு ஒரு போட்டோக்கொப்பிக் கடை இருக்கிறது. ஞாயிறு பின்னேரம் முன்கதவைச் சாத்திவிட்டு, பின்னறை மேசையைச் சுற்றிக் கதிரைகளைப் போடுவேன். வருகிற ஒவ்வொருவரும் ஒரு கற்பனை இராச்சியத்தில் ஒரு ஆளாக மாறுவார்கள். ஒருவர் மந்திரவாதி, ஒருவர் வில்லாளி, இப்படி. தாங்கள் என்ன செய்கிறார்கள் என்று அவர்கள் சொல்வார்கள், அதனால் என்ன நடக்கிறது என்று நான் சொல்வேன், முடியுமா முடியாதா என்று சந்தேகம் வந்தால் இருபது முகத் தாயக்கட்டையை உருட்டிப் பார்ப்போம். கொழும்பில் வேலை பார்த்தபோது அறைத்தோழி ஒருத்தி பழக்கிவிட்ட விளையாட்டு. நாலு வருடமாக இங்கே நடத்துகிறேன். இதேமாதிரி மேசையில் இதே அவதிப்படுகிறவர்கள் எங்கேயாவது இருப்பீர்கள், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

இரண்டு நடத்துநர்கள்

தொடக்கத்தில் நான் கண்டிப்பான ஆள். ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் அடித்துக் கொடுத்தேன். அரிசி எத்தனை கொத்து, தண்ணீர் எத்தனை குடுவை, தீப்பந்தம் எத்தனை, அம்பு எத்தனை. ஒன்று குறைந்தால் உடனே வெட்டி எழுத வேண்டும். எங்கள் வில்லாளி டிலக்சன், பளை பஸ்ஸில் கொண்டக்டர். நல்ல தமிழில் எங்கள் இருவர் வேலைக்கும் பெயர் நடத்துநர்தான். அதனாலோ என்னவோ, அந்தத் தாளை என்னைவிட அவன்தான் அதிகம் நேசித்தான்.

ஒரு ஞாயிறு, குகை வாசலில் ஒரு குறளிப் பேய்க் கூட்டத்தை வென்றார்கள். உள்ளே டிராகன் கண் விழித்துவிட்டது என்று நான் குரலைத் தாழ்த்திச் சொல்லியும் ஆயிற்று. டிலக்சன் அசையவில்லை. தான் எய்த பதினேழு அம்பையும் ஒவ்வொரு குறளியிடமும் போய்ப் பிடுங்கி, எது வளைந்தது, எது நல்லது என்று பார்க்க வேண்டுமாம். அம்புக்கு ஒரு தடவையாகக் கட்டை உருட்டினோம். பதினோராவது அம்பில் மந்திரவாதிக்குப் பொறுமை போய்விட்டது. மந்திரவாதி வேறு யாருமில்லை, வாய்க்கால் பக்கம் வயல் செய்கிற யோகன் அண்ணை.

"தம்பி, உள்ளுக்கை டிராகன் எழும்பி நிக்குது. நீ இஞ்சை செத்த குறளியளிட்டை டிக்கெட் செக் பண்ணிக்கொண்டு நிக்கிறாய்."

உப்பில்லாத மந்திரம்

அடுத்து ஒரு பாலைவனம் செய்தேன். மூன்று கிழமை, இருபத்தொரு நாளும், அதற்காகப் பாடுபட்டேன். வற்றிய கிணறுகள், பொய்யான நீர்நிலைகள், வழி தவறினால் தாகத்தில் சாகிற ஏற்பாடு, எல்லாம் வரைபடத்தோடு தயார். ஆனால் யோகன் அண்ணைக்கு அந்தக் கிழமைதான் ஒரு புது மந்திரம் கிடைத்திருந்தது என்பதை மறந்துபோனேன். இரண்டு கையையும் தட்டினால் பத்துப் பேருக்குச் சோறும் தண்ணீரும் வரும். அவர் தட்டினார். என் மூன்று கிழமைத் தாகம் ஒரு தட்டில் தீர்ந்தது.

நான் வரைபடத்தைப் பார்த்தபடி இருக்க, எதிர்பாராத பக்கத்திலிருந்து உதவி வந்தது. மகேஸ்வரி அக்கா எங்கள் வாள்வீராங்கனை. மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். சந்தியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். "என்ன கறி?" என்று கேட்டார். விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, பசி தீரும், ஆனால் ருசி இராது என்று வாசித்தேன். அக்காவுக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது.

"பத்துப் பேருக்குச் சோறு வருமாம், ஒரு கல்லு உப்பு வராதாம். உந்தச் சோத்தைத் திண்டிட்டு நான் வாள் பிடிக்கமாட்டன், யோகன் அண்ணை!"

ஏழாம் நாள்

மந்திரம் நிறைந்த உலகத்தில் அரிசியும் பந்தமும் எண்ண வேண்டுமா என்ற சண்டை அன்றைக்குத் தொடங்கியது. எண்ணாவிட்டால் பயமில்லை, பயமில்லாவிட்டால் விளையாட்டில்லை என்றான் டிலக்சன். நானும் அவன் கட்சிதான். அந்தத் துணிவில் ஒரு ஞாயிறு யோகன் அண்ணையிடம், "அண்ணை, ஒரு பந்தம் எரிஞ்சிட்டுது, வெட்டுங்கோ" என்றேன். அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். அது சிறுபோகக் காலம், குளத்துத் தண்ணீரை முறை வைத்து விடுவார்கள். அவருடைய வயல் வாய்க்காலின் கடைசி. சனிக்கிழமை விடியத் தொடங்கி இரவு வரை தன் முறைக்காக அங்கே நின்றுவிட்டு, ஞாயிறு சட்டை மாற்றிக்கொண்டு என் கடைக்கு வந்திருந்தார். குரலில் கோபமே இல்லை.

"பிள்ளை, கிழமையிலை ஆறு நாள் வாய்க்காலிலை நிண்டு தண்ணியை எண்ணுறன். ஏழாம் நாளும் எண்ணச் சொன்னால் நான் மந்திரவாதி இல்லை, கமக்காரன்தான்."

ஒரு கிலோ உள்ளி

தாள்களைக் கிழித்துப் போட்டேன். இனி ஒரு கணக்கும் இல்லை, மந்திரமும் வேண்டிய மட்டும் போடலாம் என்று அறிவித்தேன். முதல் ஞாயிறு திருவிழாதான். யோகன் அண்ணை நனைந்த சட்டையைக் காயவைக்க நெருப்பு மந்திரம் போட்டார். மூன்று படி ஏறுவதற்குப் பறந்தார். திறப்பு பூட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்த ஒரு அலுமாரியை மின்னலால் பிளந்தார். வயிறு நோகச் சிரித்தோம்.

நாலாம் ஞாயிறு சிரிப்பு குறைந்துவிட்டது. அன்றைக்குத்தான் என் மகா மந்திரவாதி வருகிறான். இரண்டு மாதம் யோசித்து உருவாக்கிய வில்லன். நொண்டி நடப்பான், அதற்கு ஒரு கதை உண்டு, தாயைப் பற்றி ஒரு கதை உண்டு. கதவைத் திறந்தான். யோகன் அண்ணை ஒரே மூச்சில் ஒன்பது இடி இறக்கினார். பாவி, தன் பெயரைக்கூடச் சொல்லாமல் செத்தான். வென்ற அண்ணையின் முகத்திலேயே களையில்லை. மேசையின் மற்றப் பக்கத்தில் மகேஸ்வரி அக்கா திங்கட்கிழமைச் சமையலுக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தார்.

"முடிஞ்சுதோ பிள்ளை? நான் ஒரு கிலோ உள்ளி உரிச்சிட்டன், இன்னும் ஒருக்காலும் வாளை எடுக்கேல்லை."

ஒரு போத்தல்

அந்த நேரத்தில்தான் சுகந்தி ரீச்சர் சேர்ந்தார். துணுக்காயிலிருந்து பஸ் மாறி மாறி வருவார். கதையில் வைத்தியப் பெண். பயத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று, முற்றுகையில் அகப்பட்ட ஒரு நகரத்தை எழுதினேன். வெளியே சேனை. எதிரியின் சாபத்தால் உள்ளே ஒரு மந்திரமும் பலிக்காது. கிணறு வற்றிவிட்டது. "ஒரு வீட்டுக்குள்ளை ஆறு பேர் இருக்கினம், ஒரு போத்தல் தண்ணிதான் இருக்கு. ஆருக்குக் குடுக்கிறியள்?" என்று பெருமையாகக் கேட்டேன்.

ஒருவரும் கட்டையைத் தொடவில்லை. எண்ணுவதென்றால் உயிரையே விடுகிற டிலக்சன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். போர் முடிந்தபோது அவனுக்குப் பத்து வயது. இந்த ஊரில் இருந்துகொண்டு, நிஜ முற்றுகையில் தாகத்தோடு கிடந்த இந்த ஆட்களிடம் நான் என்ன கேட்டுவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. முகம் சுட்டது.

ரீச்சர்தான் பேசினார். "இந்தச் சாபம் வைத்தியம் செய்யிற பிள்ளையின்ரை மந்திரத்தையும் மறிக்குமோ?" என்று கேட்டார். மறிக்கும் என்றுதான் என் குறிப்பில் இருந்தது. "இல்லை ரீச்சர்" என்றேன். அப்படியென்றால் நகரத்தின் நடுவில் ஊற்றைத் திறக்கிறேன் என்றார். நான் கட்டை உருட்டச் சொல்லவில்லை. தண்ணீர் படிகளில் வழிந்து ஓடியதை, தெருத் தெருவாகப் போனதை, சின்னப் பிள்ளைகள் உடுப்போடு குதித்ததை நான் சொல்லிக்கொண்டே போனேன். "குடத்தைக் கொண்டு ஓடியாங்கோ!" என்று மகேஸ்வரி அக்கா கூவ, எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்குப் புறப்படும்போது ரீச்சர் என் கையைப் பிடித்தார்.

"எண்ணுறதெண்டால் வேறை என்னத்தையும் எண்ணுவம், பிள்ளை. தண்ணியை எண்ண வேண்டாம்."

மூன்று புளியங்கொட்டை

அதுவே எங்கள் சட்டமாயிற்று. அரிசி, தண்ணீர், மருந்து எல்லாம் எல்லோருக்கும் எப்போதும் உண்டு. எண்ணுவது மந்திரத்தை மட்டும். மந்திரம் தெரிந்த ஆளுக்கு ஒரு ஞாயிறுக்கு மூன்று புளியங்கொட்டை, மகேஸ்வரி அக்கா கடையிலிருந்து. மந்திரத்துக்கு ஒரு கொட்டை, முடிந்தால் முடிந்ததுதான். யோகன் அண்ணை வேறு ஆளாகிவிட்டார். திறப்பு இருந்தால் திறப்பால் திறந்தார். மூன்று கொட்டையையும் உள்ளங்கையில் உருட்டி உருட்டி யோசித்தார். இதைக் கணக்கென்று அவர் ஒருநாளும் முறையிடவில்லை.

போன மாதம் அவர் கையில் ஒரே ஒரு கொட்டை மிச்சம். பள்ளத்தாக்கின் மேல் கயிற்றுப் பாலம் அறுந்து, மகேஸ்வரி அக்கா ஒற்றைக் கையில் தொங்குகிறார். கரையில் நிற்கிற மற்றவர்களைப் பார்த்து டிராகன் வாயைத் திறக்கிறது. "டிராகனை அடியுங்கோ அண்ணை!" என்று டிலக்சன். "அக்காவைத் தூக்குங்கோ!" என்று ரீச்சர். "என்னை விடுங்கோ, நான் விழுந்தால் விழுந்திட்டுப் போறன்!" என்று அக்கா. யோகன் அண்ணையின் நெற்றி வியர்த்துவிட்டது. கடைசியில் கொட்டையை அக்காவுக்கு முன்னால் வைத்து, "மகேஸ்வரிக்குச் செட்டை" என்றார்.

சிறகு முளைத்த அக்கா கரைக்குப் பறக்கவில்லை. வாளை நீட்டிக்கொண்டு நேரே டிராகனின் கழுத்துக்குப் பறந்தார். குறைந்தது பதினெட்டு விழ வேண்டும் என்றேன். கட்டையைக் கண்ணில் ஒற்றி உருட்டினார். பத்தொன்பது! கதிரை விழுந்தது, பிளேன்ரீக் கோப்பை சரிந்தது, கடையே அதிரக் கத்தினோம். பக்கத்து சலூன்காரர் கத்தரிக்கோலோடு ஓடி வந்தார். பின்னால் பாதித் தலை வெட்டிய ஒருவர், கழுத்தில் துவாயோடு. "ஐயோ, ஆர் செத்தது?" என்று சலூன்காரர் கேட்க, அக்கா மேசையில் கை ஊன்றி மூச்சு வாங்கினார்.

"எங்கடை ஆக்கள் ஒருத்தரும் சாகேல்லைத் தம்பி, அதுக்குத்தான் இந்தச் சத்தம்!"

ஆகவே சக நடத்துநர்களே, மந்திரம் தாராளமாக உள்ள உலகத்திலும் கணக்கு வேண்டும்தான், ஆனால் எதை எண்ணுவதென்று மேசையில் இருக்கிறவர்களிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள், நான் விதிப் புத்தகம் முழுக்க வாசித்தும் அதை மட்டும் கேட்காமல் விட்டேன்.