அல்ஜீப்ரா ஃபோல்டரில் பதின்மூன்று நிமிடம்

அந்தச் சத்தம் முதன்முதலில் என் காதுக்கு வந்தது பெரியப்பாவின் இருமலுக்குப் பின்னாலிருந்துதான். சனிக்கிழமை காலையில், தோசை முறுகும் வாசனைக்கு நடுவே, காலிங் கார்டின் பின்பக்கத்தைச் சுரண்டி எடுத்த நீள நம்பரை அப்பா அழுத்தி முடித்ததும் டெக்ஸாஸின் பிளானோவிலிருந்து லண்டன் ஈஸ்ட் ஹாமுக்கு லைன் கிடைக்கும்; இங்கே அப்பா, அம்மா, நான் என்று ஃபோன் கை மாறும், அங்கே பெரியப்பா, பெரியம்மா, அவர்கள் மகன் கதிர் அண்ணா என்று கை மாறும். பெரியப்பா ஒவ்வொரு வாரமும் டெக்ஸாஸ் வெயிலை விசாரிப்பார். அவர் விசாரித்துக்கொண்டிருக்கும்போதே, பின்னால் ஏதோ மூடிய கதவைத் தாண்டி, "டும்-டுக்கு-டும்" என்று சுவரே அதிர்கிற தாளமும், அதன்மேல் மூச்சு விடாமல் யாரோ பேசிக்கொண்டே போவதும் கேட்கும். பதின்மூன்று வயதில் வெயிலைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அந்தச் சத்தத்தைப் பற்றிக் கேட்கத்தான் நிறைய இருந்தது.

"உங்க வீட்ல யாருண்ணா சண்ட போடறாங்க?" என்று ஒரு வாரம் கேட்டே விட்டேன்.

"சண்ட இல்ல அனு, கிரைம். ரேடியோ. இரு, உனக்கு அனுப்பறேன்" என்றான் பதினாறு வயதுக் கதிர் அண்ணா.

தமிழில் எழுதினால் குற்றத்தைக் குறிக்கும் சொல்லைப் போலவே நிற்கிறது என்பதால் படிப்பவர்கள் பயந்துவிட வேண்டாம். இது கரி, அழுக்கு என்று பொருள்படும் வேறு சொல், ஓர் இசையின் பெயர். கிழக்கு லண்டனின் அடுக்குமாடிகளில் வளர்ந்த பிள்ளைகள் படுக்கையறைக் கம்ப்யூட்டரில் தாளம் கட்டி, அமெரிக்கர்களைப் போலப் பேச முயலாமல் தங்கள் தெருப் பேச்சிலேயே நிமிடத்துக்கு நூற்று நாற்பது தாள அடி வேகத்தில் வரிகளை அடுக்கி, மொட்டைமாடியில் லைசென்ஸ் இல்லாமல் நட்ட ஆண்டெனா வழியாக ஒலிபரப்பினார்கள். அந்த ஒலிபரப்பு நாலைந்து மைல் தாண்டாது. ஆனால் யாரோ ஒருவர் அதை டேப்பில் பிடித்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, நெட்டில் விட்டால் போதும், அது எங்கே வேண்டுமானாலும் போகும். பிளானோவில் எங்கள் வரவேற்பறை மூலையில் இருந்த "டெஸ்க்டாப்" வரைக்கும் வந்தது.

எங்கள் சப்டிவிஷனில், அதாவது வரிசை வரிசையாகத் தனிவீடுகள் கட்டிய குடியிருப்பில், ஒருவர் நடந்து போனால் அவருடைய கார் ரிப்பேர் என்று அர்த்தம். பள்ளிக்கு, டான்ஸ் வகுப்புக்கு, கோயிலுக்கு என்று எங்கே போனாலும் அம்மாவின் வேனில் பின்சீட்டில்தான் நான் போனேன். டோல்வே என்ற கட்டணச் சாலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. அப்படிப்பட்டவளுக்கு, கதிர் அண்ணா மெசெஞ்சரில் அனுப்பிய பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு, கிழக்கு லண்டனில் எந்த பஸ் எந்தத் தெருவில் திரும்பும், எந்தக் கோழிக்கடை வாசலில் யார் நிற்பார்கள் என்பதெல்லாம் மனப்பாடமாகிவிட்டது. சலங்கைப் பையை மடியில் வைத்துக்கொண்டு காதில் ஹெட்ஃபோனோடு தலையை ஆட்டிக்கொண்டிருப்பேன், அம்மா கண்ணாடியில் பார்த்து, "ஜதி சொல்லிப் பாக்குறியா கண்ணு?" என்று பெருமையாகக் கேட்பாள். ஆமாம் என்பேன். அது அவ்வளவு பெரிய பொய்யும் இல்லை, வேகம் ஏறக்குறைய ஒன்றுதான்.

பாட்டுகளை வீட்டுக் கம்ப்யூட்டரில் எங்கே வைப்பது என்பது ஒரு பிரச்சினையாக இருந்தது. அப்பா ஈரோட்டிலிருந்து வந்த எஞ்சினியர். ஊரின் லெகசி பகுதியில் டெலிகாம் வேலை. கம்ப்யூட்டரில் "குப்பை" சேர்ந்தால் அவருக்குத் தூக்கம் வராது. ஆகவே "அல்ஜீப்ரா" என்று ஒரு ஃபோல்டர் திறந்து, எல்லாவற்றையும் அதற்குள் போட்டேன். எந்தத் தமிழ் அப்பா அல்ஜீப்ராவின்மேல் கைவைப்பார் என்பது என் கணக்கு.

அந்த நாட்களில்தான் ஒரு ஃபோரம் கண்ணில் பட்டது. லண்டன் ரேடியோவில் பிடித்த டேப்புகளை ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கும் இடம். ஃபின்லாந்தில் நூலகத்தில் வேலை பார்ப்பதாகச் சொன்ன ஒருவர், ஒசாகாவில் ஒரு காலேஜ் பையன், சாவ் பாவ்லோவில் ஒருத்தி என்று லண்டனையே பார்க்காதவர்கள்தான் அங்கே அதிகம். அங்கே எழுதப்படாத ஒரு முறை உண்டு: சும்மா எடுத்துக்கொண்டே இருக்கக் கூடாது, எப்போதாவது ஒன்று கொடுக்கவும் வேண்டும். நான் மாதக்கணக்கில் எடுத்துக்கொண்டே இருந்தேன். கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை, அது எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்தக் கோடையில் கதிர் அண்ணாவே ரேடியோவில் பேசினான். ஞாயிறு மதியம் கணக்கு டியூஷன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, நண்பன் ஒருவனோடு அந்த மொட்டைமாடி ரேடியோவுக்குப் போய், பதின்மூன்று நிமிடம் விடாமல் அடித்து நொறுக்கினான். நடுவில் ஓர் இடத்தில் தாளம் நின்று மறுபடி விழும்போது தமிழில் "நகரு, நகரு!" என்று கத்துவான், பெரியம்மா சமையலறையில் அவனைப் பார்த்து நாள் முழுக்கச் சொல்லும் வார்த்தை அது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கள் வீட்டுச் சொல் ஒன்று அந்தத் தாளத்தில் இவ்வளவு பாந்தமாக உட்காரும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

அந்தப் பதிவை எனக்கு அனுப்பிய கையோடு, தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி ஒரு செய்தியும் அனுப்பினான். "யாருக்கும் குடுத்துடாத அனு. அப்பாக்கு தெரிஞ்சா என் கத முடிஞ்சுது. டேப்ல அதுக்கு மேலயே வேற யாரோ ரெக்கார்ட் பண்ணி அழிச்சுட்டாங்க, என் கம்ப்யூட்டரும் இழுத்துகிட்டு கெடக்கு. உன்கிட்ட இருந்தா சேஃப்."

அம்மா மேல் சத்தியம் என்று பதில் அடித்தேன். அந்தச் சத்தியம் மூன்று நாள் தாங்கியது. உலகத்தில் வேறு யாரிடமும் இல்லாத ஒரு பொருள் என்னிடம் இருக்கிறது என்ற பெருமை என்னைச் சும்மா இருக்க விடவில்லை. நாலாம் நாள் டான்ஸ் வகுப்பு விட்டு வந்ததும், பெயர் எதுவும் போடாமல் ஃபோரத்தில் ஏற்றிவிட்டேன். மறுநாளே, யார் இவன், "நகரு" என்றால் என்ன, வேறு ஏதும் இருக்கிறதா என்று கேள்விகள் குவிந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. குற்ற உணர்ச்சி இருந்ததா என்றால் இருந்தது, ஆனால் சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் ஆயுத பூஜை என்றால் கராஜைக் கழுவி, வேனுக்கும் காருக்கும் பொட்டு வைத்து, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் நசுக்கி, எதிர்வீட்டு அமெரிக்கத் தம்பதிக்குச் சுண்டல் கொடுப்பது வரைக்கும் எல்லாம் உண்டு. அதோடு அப்பாவின் சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்றும் உண்டு: வருடா வருடம் அன்றைக்குக் கம்ப்யூட்டரை "ஃபார்மேட்" பண்ணுவார். துடைத்துப் பொட்டு வைத்தால் மட்டும் போதாதாம். "சுத்தம்னா உள்ளயும் சுத்தமா இருக்கோணும்" என்பார். ஃபோட்டோக்களையும் விசா பேப்பர்களையும் சிடியில் எடுத்து வைத்துவிட்டு மீதியை அழித்து, புத்தம் புதிதாக்கி, கீபோர்டில் சந்தனம் ஒட்டாமல் பார்த்துக்கொண்டு பூஜையில் வைப்பார். வழக்கமாக முன்கூட்டியே சொல்வார். அந்த வருடம் நான் டான்ஸ் வகுப்பில் இருந்தபோது வேலையை முடித்துவிட்டார்.

விஜயதசமி காலை வரை ஆயுதத்தைத் தொடக் கூடாது. தொட்டபோது திரை வெறிச்சென்று இருந்தது.

"அப்பா, அல்ஜீப்ரா ஃபோல்டர் எங்கப்பா?"

"அதான் போன வருஷமே பாஸ் பண்ணியாச்சே கண்ணு. இந்த வருஷம் ஜியாமெட்ரிதான? தொறந்துகூடப் பாக்கல, தூக்கிட்டேன்."

திறந்து பார்க்கவில்லை என்பதற்குச் சந்தோஷப்படுவதா, அழுவதா என்று தெரியாமல், சரஸ்வதி படத்துக்கு முன்னால் இருந்த ஜியாமெட்ரி புத்தகத்தை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன்.

சாயங்காலம் வந்து மெசெஞ்சரைத் திறந்தால் கதிர் அண்ணாவிடமிருந்து நாலு செய்திகள். அவர்கள் பகுதி இளைஞர் மையத்தில் பாட்டுப் பதிவு அறை திறக்கிறார்கள். பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு வருடம் கற்றுத்தருவார்கள். சேர வேண்டுமானால் தன் குரலில் ஒரு பதிவை வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். மொட்டைமாடி ஆண்டெனாவை அதிகாரிகள் பிடுங்கிக்கொண்டு போய்விட்டதால் அந்த ரேடியோ இல்லை. அவனுடைய கம்ப்யூட்டர் உயிரை விட்டு ஒரு வாரம் ஆகிறது, நூலகத்திலிருந்து எழுதுகிறான். கடைசிச் செய்தி: "நல்லவேள உன்கிட்ட இருக்கு. அனுப்பு."

"நெட் ஸ்லோ, நாளைக்கு அனுப்பறேன்" என்று புளுகினேன். அவனை ஏமாற்றியது போக, இப்போது அவனுடைய ஒரு வருடத்தையே தொலைத்துவிட்டேன். உடனே ஃபோரத்துக்குப் போய், வெட்கத்தை விட்டு எழுதினேன்: நான் கொடுத்ததை நானே தொலைத்துவிட்டேன், யாராவது வைத்திருந்தால் தயவுசெய்து திருப்பித் தாருங்கள், என் அண்ணனுக்கு வேண்டும்.

புதன்கிழமை ஒசாகாவிலிருந்து முதல் பாதி வந்தது. "எனக்குப் பிடித்த இடத்தை மட்டும் வைத்துக்கொண்டேன், மன்னிக்கவும்" என்று ஒரு குறிப்போடு. அன்றே சாவ் பாவ்லோவிலிருந்து முழுவதும் வந்தது, ஆனால் தண்ணீருக்குள் கேட்பதுபோல. வியாழக்கிழமை காலை, அம்மா வேனை எடுப்பதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, ஃபின்லாந்துக்காரர் பதின்மூன்று நிமிடத்தையும் இரைச்சல் நீக்கி, நான் அனுப்பியதைவிடச் சுத்தமாக அனுப்பியிருந்தார். ஃபைலுக்கு அவர் வைத்திருந்த பெயர் "நகரு — கிழக்கு லண்டன் — யாரென்று தெரியவில்லை". பெயரை மாற்ற வேண்டும் என்ற புத்திகூட இல்லாமல் அப்படியே கதிர் அண்ணாவுக்குத் தள்ளிவிட்டு வேனுக்கு ஓடினேன்.

சாயங்காலம் அவன் நண்பன் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து ஆன்லைனில் காத்திருந்தான். "யாரு இந்தப் பேரு வெச்சது?"

எல்லாவற்றையும் சொன்னேன். சத்தியம், ஃபோரம், ஆயுத பூஜை, அல்ஜீப்ரா, எதையும் விடவில்லை. அவன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த பச்சைப் புள்ளி அணைந்தது.

அந்தச் சனிக்கிழமை ஃபோன் கை மாறிக்கொண்டு வந்தபோது அவன் முறை வரவில்லை. "குளிக்கிறான் சாமி" என்றாள் பெரியம்மா. அடுத்த சனிக்கிழமையும் குளித்தான். மூன்றாவது சனிக்கிழமை அவன் குளிக்கவில்லை, பெரியப்பாதான் செய்தி சொன்னார். இளைஞர் மையத்தில் இடம் கிடைத்து, பெற்றோர் கையெழுத்துக்காக ஃபாரம் வீட்டுக்கு வந்து, டியூஷன் கதை முழுவதும் வெளியாகியிருந்தது. வீடே இரண்டாகியிருக்கும் என்று பயந்து நின்றேன். பெரியப்பா அப்பாவிடம் கவலையாகக் கேட்டது இதைத்தான்: "ஏம்ப்பா, இதுக்கு முடிவுல சர்ட்டிஃபிகேட் குடுப்பாங்களாமா?" கொடுப்பார்களாம். அந்த ஒரே தகுதியில் கிரைம் எங்கள் குடும்பத்தில் அங்கீகாரம் பெற்றது.

நாலாவது சனிக்கிழமை கதிர் அண்ணா ஃபோனை வாங்கினான். எடுத்த எடுப்பிலேயே, "அந்த ஃபின்லாந்துக்காரரு என்ன எழுதியிருந்தாரு?" என்றான்.

கம்ப்யூட்டருக்கு எதிரில் உட்கார்ந்து, ஃபோரத்தில் எழுதியிருந்ததையெல்லாம் முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். யார் யார் என்னென்ன சொன்னார்கள், எந்த வரியில் எழுந்து நின்றார்கள், சாவ் பாவ்லோக்காரி அந்தத் தமிழ்ச் சொல்லை எப்படி எழுத்துக்கூட்டியிருந்தாள் என்பது வரை. "இன்னொரு தடவ படி" என்றான். கார்டில் நிமிடங்கள் தீர்ந்து லைன் அறும்வரை படித்தேன். அப்பா பக்கத்தில் நின்று கடிகாரத்தைக் காட்டிக்கொண்டே இருந்தார்.

அந்த ஒரு வருடம் முடிந்து இரண்டு மூன்று பாட்டுகள் செய்தான். பெரிய பெயர் எதுவும் வரவில்லை. அதில் அவனுக்கு வருத்தமும் அதிகம் இருந்ததாகத் தெரியவில்லை. இப்போது கிழக்கு லண்டனிலேயே ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். நான் பிளானோவுக்குப் பக்கத்து ஊரான ஃபிரிஸ்கோவில் குடியிருக்கிறேன். காலிங் கார்டும் இல்லை, மெசெஞ்சரின் பச்சைப் புள்ளியும் இல்லை. அந்த ஃபோரம் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் மூடிப்போனது. நான் படித்துக் காட்டிய வரிகள் எல்லாம் அதோடு போயின. ஒசாகாவிலும் ஃபின்லாந்திலும் எனக்கு உதவியவர்களின் உண்மைப் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தம்தான்.

போன மாதம் மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு நான் காரில் இருக்கும்போது கதிர் அண்ணாவிடமிருந்து வீடியோ கால் வந்தது. திரை முழுக்கச் சீருடைப் பிள்ளைகள். யாரோ அந்தப் பதிவை எங்கிருந்தோ எடுத்து நெட்டில் மறுபடி ஏற்ற, அது அவன் வகுப்புப் பிள்ளைகளின் ஃபோனுக்கு வந்துவிட்டிருக்கிறது. அது தன் குரல்தான் என்று இவன் சொல்ல, ஒரு பிள்ளையும் நம்பவில்லையாம். ரேடியோ இல்லை, டேப் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை, ஃபைலில் பெயரும் இல்லை. "நீயாச்சும் சொல்லு அனு, மானம் போகுது" என்றான். கொடுத்த சத்தியத்தை மூன்று நாளுக்கு மேல் காப்பாற்றாத நான்தான் அவனுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி.

ஆமாம், உங்கள் சார்தான், என்றேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் கையைக் கட்டிக்கொண்டு, உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள்.

"எனக்குத்தான் முதலில் அனுப்பினான்" என்றேன்.