கொம்பு என்று சொன்ன சில்லு

சென்ற கிழமை சீனி வருத்தத்துக்காகப் போகும் சலரோகக் கிளினிக்கில் ஒரு தாதிப் பிள்ளை என் கால் பெருவிரல் நகத்தை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தாள். நகவெட்டிக்கு அடங்காத அளவுக்கு நகம் தடித்துவிட்டது. தேய்க்கத் தேய்க்க வெள்ளைத் தூள் பறந்தது. அந்த மணம் மூக்கில் ஏறியதும் என் வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது: "ஆமை மணக்குது பிள்ளை."

அவள் கையை நிறுத்தி, என் மருந்துத் துண்டை எடுத்து, நான் என்னென்ன மருந்து குடிக்கிறேன் என்று பார்த்தாள். அவளில் பிழையில்லை.

அவளுக்குக் கேட்க நேரமில்லை, உங்களுக்குச் சொல்கிறேன். ஆமை ஓட்டை அரத்தில் தேய்த்தாலும் இதே மணம்தான். மண்டலினுக்கு ஒரு நல்ல சில்லுத் தேடி நான் பட்ட பாட்டில் அறிந்துகொண்டது அது.

மண்டலினைக் கொண்டுவந்தவர் அண்ணை. மலாயாவில் றெயில்வே கிளாக்கராக இருந்தார். யுத்தம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முன்னர் லீவில் வந்தபோது, மானிப்பாயில் புதிதாகப் படிப்பிக்கத் தொடங்கியிருந்த எனக்கு அதைத் தந்தார். "வயலின் எண்டால் நீ சுருதி தேடியே கிழவியாப் போவாய். இதிலை கழுத்திலை மெட்டுக் கம்பி கட்டிக் கிடக்கு, விரலை வைச்சால் சரி." சுருதி தேடாமலே கிழவியானது வேறு கதை.

தந்தியை ஒரு சின்னச் சில்லால் தட்ட வேண்டும். அவர் அதற்கு ஏதோ இங்கிலீசுப் பெயர் சொன்னார். எங்கள் வீட்டில் அது சில்லுத்தான். கைவசம் செலுலோயிட் சில்லுகள் மூன்று வைத்திருந்தார். மூன்றும் அவருக்குப் பிடிக்கவில்லை.

"மெல்லிசெண்டால் சத்தம் சிலும்பும். மொத்தமெண்டால் மணிக்கட்டு விட்டுப்போம். நான் போய் நல்லதொண்டு பாத்துக் கடிதத்துக்கை வைச்சு அனுப்பிறன், பிள்ளை. அதுமட்டும் உதுகளோடை சமாளி."

சமாளித்தேன் என்று சொல்ல ஆசைதான். ஒன்று பள்ளிக்கூடத்தில் தொலைந்தது. ஒன்று வளைந்துவிட்டதென்று விளக்குச் சிமினியில் காட்டி நிமிர்த்தப் போனேன். குப்பென்று பற்றி, என் புருவத்தில் பாதியையும் கொண்டுபோனது. மூன்றாவது முனை தேய்ந்து பொத்தானாகிவிட்டது. பிறகு தேங்காய்ச் சிரட்டையைத் தேய்த்துப் பார்த்தேன். பலகையில் தட்டுவது போல இருந்தது. சீப்பை உடைத்தேன், தந்தி அறுந்தது. பனையோலை ஈர்க்கும் பிடித்துப் பார்த்தேன். மண்டலின் என்னோடு குசுகுசுத்தது.

என்னோடு படிப்பித்த பாக்கியம் வல்வெட்டித்துறைக்காரி. தகப்பன் கப்பலோடியவர். என் அரைப் புருவத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டோ என்னவோ, ஒருநாள் கைலேஞ்சியில் முடிந்து ஒரு துண்டு கொண்டுவந்தாள். தேன் நிறம், நடுவில் கருந்திட்டு.

"அழுங்காமை ஓடு. இதைவிடத் திறம் சாமான் உமக்கு எங்கையும் கிடையாது."

மத்தியான இடைவேளையில் இருவரும் அரத்தால் தேய்த்து முனை பிடித்தோம். அன்றைக்கு வீட்டில் தந்தியைத் தொட்டபோதுதான் மண்டலினுக்கு ஒரு குரல் இருப்பது எனக்குத் தெரிந்தது.

ஆனால் எங்கள் வீட்டுக்குள் ஆமை வரக்கூடாது. மழைக்கு ஒரு ஆமை முற்றத்தில் ஏறினாலே அம்மா ஆள் பிடித்துக் குளத்தில் விடுவித்து, வாசலுக்கு மஞ்சள் தண்ணீர் தெளிப்பா. குடும்பம் அழிந்துபோம் என்ற பயம். அம்மா என் கையைப் பார்த்து, "உது என்ன பிள்ளை?" என்று கேட்டா.

"கொம்பம்மா. மான் கொம்பு."

"மானெண்டால் பறவாயில்லை," என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்து கேட்டா. "கொண்ணை வாசிச்ச மாதிரியே கிடக்கு," என்று அண்ணையை நினைத்துக்கொண்டா.

அதற்குப் பிறகு சிங்கப்பூர் விழுந்தது. கடிதங்கள் நின்றன. எங்கள் ஒழுங்கையில் மட்டும் நாலு வீட்டுப் பிள்ளைகள் மலாயாவில். தபால்காரன் அந்த வீடுகளைக் கடக்கும்போது தலை குனிந்துகொண்டு சைக்கிளை மிதிப்பான்.

அம்மா அண்ணையின் சாதகத்தை எடுத்துக்கொண்டு சாத்திரியாரிடம் போனா. வரக்கூடாத பொருளொன்று வீட்டுக்குள் வந்திருக்கிறது என்று அவர் சொல்லி அனுப்பினார். மற்ற வீடுகளுக்கும் அதையே சொன்னார் என்று பின்னர் அறிந்தேன். அன்றைக்கு நான் நினைத்தது என் சில்லைத்தான். அம்மா வீட்டைக் கிளறத் தொடங்கினா. யாரோ மறந்துவிட்டுப் போன குடை வெளியே போனது. ஏலத்தில் எடுத்த குத்துவிளக்கு போனது. நான் சில்லை எடுத்து ஒளிக்கப் போக, பதற்றத்தில் அது கை நழுவி மண்டலினின் ஓட்டைக்குள்ளேயே விழுந்துவிட்டது.

கவிழ்த்தேன், குலுக்கினேன், ஈர்க்கு விட்டுக் கிண்டினேன். உள்ளே ஓடித் திரிந்ததே தவிர வெளியே வரவில்லை.

"உள்ளுக்கை என்ன கிலுங்குது?"

"ஒட்டு விட்டிட்டுது, அம்மா."

நான் பூமிசாஸ்திர ரீச்சர். காலையில் கரும்பலகையில் மலாயாவைக் கீறி, யப்பான் படை எந்த வழியால் இறங்கியது என்று பிள்ளைகளுக்குக் காட்டுவேன். பின்னேரம் அறைக் கதவைச் சாத்திவிட்டு, அண்ணை திரும்பி வர வேண்டும் என்று மண்டலினைக் குலுக்குவேன். அம்மாவிடம் உண்மையைச் சொல்லப் பயம். அண்ணை வராவிட்டால் அந்தப் பழி என் தலையில் கிடக்கும். சொல்லாமல் இருக்கவும் பயம்.

குலுக்குவதை விட்டுப் பலநாள் கழித்து, தூசு தட்ட எடுத்தபோது அது தானாக என் மடியில் விழுந்தது. மறுநாளே பாக்கியத்திடம் கொடுத்து அவளுடைய கடலில் போடச் சொன்னேன். அவள் மறுபடியும் அதைக் கைலேஞ்சியில் முடிந்துகொண்டு போனாள். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் தபால்காரனைப் பார்த்தேன். அவன் தலை நிமிரவேயில்லை.

யுத்தம் முடிந்து கப்பல் ஓடத் தொடங்கியதும் அண்ணையோடு வேலை செய்த ஒருவர் வந்தார். யப்பான்காரர் சயாமில் றெயில் பாதை போடுவதற்கு அண்ணையை லொறியில் ஏற்றிக்கொண்டு போனதைக் கண்டிருக்கிறார். திரும்பி வந்தவர்களில் அண்ணையைக் காணவில்லை. அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். பிறகு அண்ணை விட்டுப்போன ஒரு கடித உறையை நீட்டினார். முத்திரை ஒட்டி, விலாசம் எழுதி, அனுப்பத் தபால் இல்லாமல் நின்றுபோன உறை.

உள்ளே அரைத்தாள். அதில் சுற்றியபடி, தேன் நிறத்தில் ஒரு சில்லு.

"பிள்ளைக்கு, பல கடை ஏறி இறங்கி இதைத் தெரிந்தெடுத்தேன். இதைவிட நல்லது வேறில்லை. ஆமை ஓடு. அம்மாவிடம் கொம்பு என்று சொல்."

அம்மாவுக்கு அப்போது கண் தெளிவில்லை. வாசிக்கச் சொன்னா. கடைசி இரண்டு வசனங்களையும் விட்டுவிட்டு வாசித்தேன். அம்மா சில்லைத் தடவிப் பார்த்தா.

"உது என்ன?"

"கொம்பம்மா."

அதைக் கொண்டுபோய்ச் சாமியறையில் அண்ணையின் படத்துக்கு முன்னால் வைத்தா. "ஒருத்தரும் தொடப்படாது. அவன் வந்து தன்ரை கையாலை எடுத்துத் தரட்டும்." வெள்ளிக்கிழமைகளில் அதற்குச் சந்தனம் வைப்பா. நான் பூத்தட்டோடு பக்கத்தில் நிற்பேன். ஆமை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்த ஒரு சொல் அம்மா கண்மூடும்வரை என் வாயில் வரவேயில்லை.

பிறகு எங்கள் ஊருக்கே வந்த யுத்தத்தில் வீடும் சாமியறையும் மண்டலினும் போயின. அம்மா போன பிறகும் அந்தச் சில்லால் நான் ஒருதரமும் தந்தியைத் தொடவில்லை. அண்ணை தெரிந்தெடுத்தது என்ன சத்தம் தரும் என்று எனக்குத் தெரியாது.